நானூறு வருகை, ஆறு ஆர்டர்: சிறு இணையக் கடையின் வருகைக் கணக்கு

இணையக் கடைக்கு வந்துபோகிறவர்களை எண்ண இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி சர்வரின் பதிவேட்டைப் படிப்பது. எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்பதை சர்வர் தானாகவே வரிவரியாக எழுதிவைக்கும். ஹோஸ்டிங் கணக்கின் சிபேனலுக்குள் இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் இந்தப் பதிவேட்டைத்தான் கூட்டிக் காட்டுகிறது. இரண்டாவது வழி, ஒவ்வொரு பக்கத்திலும் சில வரி ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்துவைப்பது. பக்கம் திறந்ததும் அந்த நிரல் ஓடி, வந்தவரின் பிரவுசரில் ஒரு குக்கியை வைத்துவிட்டு, எந்தப் பக்கம் பார்க்கப்பட்டது, எங்கிருந்து வந்தார், என்ன கருவி, எந்த ஊர்ப்பக்கம் என்பதையெல்லாம் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் இந்த இரண்டாம் வகை.

இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. பதிவேட்டுக் கணக்கு பொதுவாகப் பெரிதாக இருக்கும். தேடுபொறிகளின் ரோபோட்கள், விலையை நோட்டம் பார்க்கும் நிரல்கள், பாதுகாப்பு ஓட்டை தேடி வருபவை எல்லாம் அதில் சேர்ந்துவிடும். தெரிந்த ரோபோட்களை ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனியே பிரித்துவிடும். தெரியாதவை மனிதக் கணக்கில் போய்ச் சேரும். ஜாவாஸ்கிரிப்ட் கணக்கோ சிறிதாக இருக்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் பலர் அதில் வரவே மாட்டார்கள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் இப்படி நிரல் வைக்கும் குக்கியை ஏழு நாளில் அழித்துவிடுவதால், பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் ஐபோன்காரர் புது ஆளாகப் பதிவாவார். ஆகவே எந்தக் கருவியின் எண்ணும் உண்மையான தலைக்கணக்கு அல்ல. ஒரே கருவியை ஒரே மாதிரி தொடர்ந்து வைத்திருந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். சிறு கடைக்கு அதுவே போதும்.

இந்த வசதி ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கியது. அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த அர்ச்சின் என்ற மென்பொருள் நிறுவனத்தை கூகுள் 2005-இல் வாங்கி, அந்த ஆண்டு நவம்பரிலேயே அதன் கருவியை கூகுள் அனலிட்டிக்ஸ் என்று இலவசமாக விட்டது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 அக்டோபரில் வந்த நான்காம் பதிப்பு. பழையதைவிட இது கடினம் என்ற புகார் இன்னும் ஓயவில்லை. புகாரில் நியாயமும் உண்டு. திரை முழுக்க வரைபடங்கள் இருக்கும், கடைக்காரருக்கு வேண்டிய ஒரு எண் மட்டும் மூன்று மெனு தாண்டி ஒளிந்திருக்கும்.

சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு இணையக் கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு நானூறு வருகை, ஆறு ஆர்டர். விளம்பரத்துக்கென்று கொஞ்சம் பணம், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸாப்பில் பழைய வாடிக்கையாளர்கள். இந்த அளவுள்ள கடைதான் வருகைக் கணக்கைத் தவறாகப் படிக்க அதிக வாய்ப்புள்ள கடை.

கருவியை நிறுவும் அன்றே செய்யவேண்டிய சில வேலைகள் உண்டு. பிறகு செய்தால் பழைய தரவு திருந்தாது. முதலாவது நேர மண்டலமும் நாணயமும். கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனால் லாஸ் ஏஞ்சலஸ் நேரமும் அமெரிக்க டாலரும் நின்றுவிடும். அப்படி நின்றால் இங்கே ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்த ஆர்டர் சனிக்கிழமைக் கணக்கில் விழும். "சனிக்கிழமைதான் நமக்கு நல்ல வியாபாரம்" என்று நினைத்து அன்றைக்கு விளம்பரக் காசைக் கொட்டுவதற்கு இந்த ஒரு பிழை போதும். இரண்டாவது, தரவை வைத்திருக்கும் காலம். தனித்தனி ஆட்களின் போக்கை அலசும் ஆய்வுப் பகுதிக்கு இரண்டு மாதத் தரவுதான் இயல்பாக நிற்கும். அமைப்புகளுக்குள் போய் பதினான்கு மாதமாக மாற்றலாம். அந்தப் பகுதியில் இந்த தீபாவளியைப் போன தீபாவளியோடு ஒப்பிட நினைப்பவருக்கு அந்தப் பதினான்கு மாதம் அவசியம்.

மூன்றாவது, கடைக்காரரின் சொந்த வருகை. விலையைத் திருத்தவும், படத்தை மாற்றவும், சும்மா ஒரு தடவை பார்த்துவைக்கவும் கடைக்காரரும் வீட்டாரும் தினமும் தளத்துக்குள் போவார்கள். நானூறு வருகையில் அறுபது வருகை சொந்த வீட்டிலிருந்து வந்தால் கணக்கே தலைகீழ். உள்வருகையை நீக்கும் வடிகட்டி கூகுள் அனலிட்டிக்ஸில் உண்டு. வீட்டு பிராட்பேண்டின் ஐபி முகவரியைக் கொடுத்தால் போதும். ஆனால் அது முதலில் சோதனை நிலையில்தான் இருக்கும். செயலில் வைத்தால்தான் வேலை செய்யும். மொபைல் டேட்டாவில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் போனில் பார்ப்பதை இப்படித் தடுக்க முடியாது. வீட்டு வைஃபையில் மட்டும் தளத்தைத் திறப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்வதுதான் எளிய வழி.

பிறகு, எண்கள் எதை எண்ணுகின்றன என்பது. பயனர் என்று அறிக்கை சொல்வது உண்மையில் ஒரு பிரவுசரை. மதியம் அலுவலகக் கணினியில் சேலையைப் பார்த்துவிட்டு ராத்திரி போனில் வாங்குகிற பெண் இரண்டு பயனர். ஒரே டேப்லெட்டைப் பயன்படுத்தும் அம்மாவும் மகளும் ஒரு பயனர். ஒரு வருகை என்பது, அரை மணி நேரம் எந்த அசைவும் இல்லாவிட்டால் முடிந்ததாகக் கொள்ளப்படும். சாப்பிடப் போய்விட்டு வந்து அதே பக்கத்தைத் தொடர்ந்தால் அது இரண்டாவது வருகை. பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, கடைக்காரர் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயலைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மற்றதெல்லாம் வந்த காலோடு திரும்பியவை. பத்து விநாடி என்பது சேலைக் கடைக்கு மிகவும் தாராளமான அளவுகோல். படம் இறங்குவதற்கே மெதுவான இணைப்பில் அதில் பாதி போய்விடும். வேண்டுமானால் இதை அறுபது விநாடி வரை ஏற்றிக்கொள்ளலாம்.

வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியில்தான் சிறு கடைக்கு உண்மையான லாபம் இருக்கிறது. குழப்பம் அதிகமும் இங்கேதான். அறிக்கையில் நேரடி வருகை என்று ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்தால் கடையின் முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று தோன்றும். நடைமுறையில் அது, எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லாரையும் தள்ளிவிடும் மூலை. வாட்ஸாப்பில் பகிரப்பட்ட லிங்க்கைத் தொட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூலையில்தான் விழுவார்கள். ஏனென்றால் செயலியிலிருந்து பிரவுசருக்குத் தாவும்போது பழைய இடத்தின் அடையாளம் கூடவே வராது. குடும்பக் குழுக்களில் "இந்தச் சேலை எப்படி இருக்கு பாருங்க" என்று ஓடும் லிங்க்தான் இந்தக் கடைகளின் பெரிய விளம்பரம். அறிக்கையில் அதற்குப் பெயரே இருக்காது.

இதற்கு மருந்து யுடிஎம் குறிப்பு. அர்ச்சின் காலத்திலிருந்து வருவது. லிங்க்கின் வாலில் ஒட்டப்படும் சில சொற்கள். எந்த இடம், எந்த வகை, எந்தப் பிரசாரம் என்ற மூன்றையும் அதில் எழுதிவிடலாம். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடும் லிங்க்குக்கு ஒரு வால், ஒலிபரப்புப் பட்டியலுக்கு இன்னொன்று, இன்ஸ்டாகிராம் முகப்பில் இருக்கும் லிங்க்குக்கு மூன்றாவது. பார்சலுக்குள் வைக்கும் நன்றி அட்டையின் கியூஆர் குறியீட்டுக்கும் ஒரு வால் வைத்துவிட்டால், சேலை வாங்கியவர்களில் எத்தனை பேர் அட்டையைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள் என்பதுகூடத் தெரியும். இரண்டு எச்சரிக்கைகள். ஆங்கிலத்தில் எழுதும் இந்தக் குறிப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் எழுதினால் வாட்ஸாப் இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்து, வைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. அடுத்து, கடையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் உள் லிங்க்குகளில் இந்த வாலை ஒட்டக்கூடாது. வாடிக்கையாளர் உண்மையில் எங்கிருந்து வந்தார் என்ற தடம் அத்தோடு குழம்பிவிடும்.

பேமென்ட் கேட்வே இன்னொரு குழப்பம். வாடிக்கையாளர் பணம் கட்ட வேறு தளத்துக்குப் போய், யுபிஐ செயலியில் பின் நம்பரைப் போட்டுவிட்டு, நன்றிப் பக்கத்துக்குத் திரும்புவார். அப்போது அவர் கேட்வேயின் தளத்திலிருந்து வந்தவர் போலப் பதிவாகலாம். மாதக் கடைசியில் பார்த்தால் விற்பனையில் பாதியைக் கொண்டுவந்தது கேட்வே என்று அறிக்கை சொல்லும். தேவையற்ற பரிந்துரைகள் என்ற பட்டியலில் அந்தத் தளத்தின் முகவரியைச் சேர்த்துவிட்டால் இது தீரும். சேர்க்காத கடைகள் நிறைய இருக்கின்றன.

கூகுள் தேடலில் என்ன சொல் தட்டி வந்தார்கள் என்பதை அனலிட்டிக்ஸ் சொல்லாது. 2011-இல் தொடங்கி தேடல் சொற்களை கூகுள் மறைத்துவிட்டது. அதற்கு சர்ச் கன்சோல் என்ற தனி இலவசக் கருவி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறு கடைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். எந்தச் சொல்லுக்குக் கடையின் பக்கம் எத்தனை முறை தேடல் முடிவில் தோன்றியது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதைப் பதினாறு மாதம் வரை பின்னோக்கிக் காட்டும். மிக அரிதான தேடல்களை மட்டும் தனியுரிமை கருதி மறைத்துவிடும். சுங்குடிக் கடையின் கன்சோலைத் திறந்தால் ஆங்கில எழுத்தில் ஒரே சேலைக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் வரும்: எஸ்ஸில் தொடங்குவது, சிஎச்சில் தொடங்குவது, நடுவில் யூ போடுவது, ஓ போடுவது. தமிழிலேயே தட்டுகிறவர்களும் இருப்பார்கள். கடையின் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட்டல் மட்டும் இருந்தால், மற்றவற்றுக்கு அது முப்பதாவது இடத்தில் கிடக்கலாம். பக்கத்தில் சேலையின் பெயரைத் தமிழிலும் ஒருமுறை எழுதிவைப்பது செலவில்லாத வேலை. அதேபோல கடையின் பெயரையே தட்டி வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள், தேடல் கொண்டுவந்த புதியவர்கள் அல்ல.

தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியையும் மறந்துவிடக்கூடாது. பெரும்பாலான தளங்களில் அதில் தட்டப்படும் சொல்லை அனலிட்டிக்ஸ் தானே பிடித்துக்கொள்ளும். "மெரூன்", "மடிசார்", "ஒன்பது கஜம்" என்று திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார்கள், கடையில் ஒன்பது கஜம் சேலையே இல்லை என்றால், அடுத்து என்ன கொள்முதல் செய்யலாம் என்பதை வாடிக்கையாளரே சொல்லிவிட்டார்.

உள்ளே வந்தவர் வாங்கும் வரை நான்கு படிகள்: சேலையைப் பார்ப்பது, கூடையில் போடுவது, செக்அவுட்டைத் தொடங்குவது, பணம் கட்டுவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிகழ்வு பதிவாகும்படி செய்தால் எங்கே ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது தெரியும். ஆயிரம் பேர் பார்த்து எண்பது பேர் கூடையில் போட்டு, அறுபது பேர் செக்அவுட்டுக்குப் போய், பதினெட்டு பேர்தான் பணம் கட்டினார்கள் என்று வைத்துக்கொண்டால், நோய் கடைசிப் படியில் இருக்கிறது. ஷிப்பிங் கட்டணம் அங்கேதான் முதல்முறையாகக் கண்ணில் படுகிறதா? பின்கோடு போட்டதும் "இந்த ஊருக்கு டெலிவரி இல்லை" என்று வருகிறதா? ஓடிபி வராமல் நிற்கிறதா? எண் இதைச் சொல்லாது; இடத்தை மட்டும் காட்டும். காரணத்தைக் கண்ணால் பார்க்க மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட கிளாரிட்டி உதவும். இலவசம், வந்தவர் எங்கே தொட்டார், எங்கே உருட்டினார், எங்கே நின்றுவிட்டார் என்பதை வீடியோ போல ஓடவிட்டுக் காட்டும். சேலைப் படத்தைப் பெரிதாக்க விரலால் திரும்பத் திரும்பத் தொட்டு, அது பெரிதாகாமல் போனதும் வெளியேறுவதை இரண்டு பதிவில் பார்த்துவிட்டால், என்ன திருத்தவேண்டும் என்பதற்கு வேறு அறிக்கை வேண்டாம். முந்தானையும் புட்டாவும் கிட்டத்தில் தெரியாத சேலையை யாரும் வாங்கமாட்டார்கள்.

தளத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸாப்பில் கேள்வி கேட்டு, அங்கேயே ஜிபேயில் பணம் அனுப்பி முடித்துவிடும் வியாபாரம் இந்தப் படிகளில் எங்கும் வராது. "சாயம் போகுமா, பிளவுஸ் பிட் இருக்கா" என்று ஒரு மனிதரிடம் கேட்காமல் வாங்காதவர்கள் நம்மூரில் ஏராளம். வாட்ஸாப் பொத்தானைத் தொடுவதையும் முக்கியச் செயலாகக் குறித்துவைத்தால், தளம் செய்த வேலையின் மறுபாதியும் கணக்கில் வரும்.

விற்பனைத் தொகையைப் பொறுத்தவரை ஆர்டர் புத்தகத்துக்கும் வங்கிக் கணக்குக்கும்தான் மரியாதை. நன்றிப் பக்கத்தை ஒருவர் மறுபடி திறந்தால் விற்பனை இரண்டாகப் பதிவாகலாம். ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனுப்பியிருந்தால் கூகுள் இரட்டிப்பை நீக்கிவிடும். யுபிஐ செயலியில் பணம் கட்டிவிட்டு பிரவுசருக்குத் திரும்பாதவரின் ஆர்டர் பதிவாகாமலே போகும். பார்சல் கைக்கு வந்ததும் பணம் தரும் சிஓடி ஆர்டரோ வைத்த அன்றே விற்பனையாகப் பதிவாகும். கூரியர்காரர் மூன்று முறை கதவைத் தட்டியும் யாரும் வாங்காமல் பார்சல் திரும்பி வந்தது அறிக்கைக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராம் விளம்பரம் சிஓடி ஆர்டர்களை அள்ளித் தந்து அதில் நிறையத் திரும்பி வந்தால், அறிக்கையில் லாபம், அலமாரியில் கசங்கிய சேலை. வழிவாரியாகத் திரும்பிய பார்சல்களை ஒரு எக்ஸெல் தாளில் கழித்துப் பார்ப்பதுதான் வழி.

விளம்பரத் தளங்களின் கணக்கு இன்னும் தாராளமானது. விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள், அல்லது வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனை தன்னால் வந்தது என்று மெட்டா இயல்பாக எடுத்துக்கொள்ளும். கூகுள் விளம்பரத்துக்கு அந்தக் காலம் வழக்கமாக முப்பது நாள். ஒரே சேலைக்கு இருவரும் உரிமை கோருவார்கள். இருவர் சொல்வதையும் கூட்டினால் கடை விற்றதைவிட அதிகமாக விற்றிருக்கும். ஒரு விளம்பரத்தை இரண்டு வாரம் நிறுத்திவைத்து மொத்த ஆர்டர் குறைகிறதா என்று பார்ப்பது இவற்றையெல்லாம்விட நேர்மையான சோதனை.

ஆனால் குறைகிறதா என்பதை முடிவுசெய்யும் இடத்தில்தான் சிறு கடை சறுக்கும். வாரம் ஆறு ஆர்டர் வரும் கடையில், எதுவும் மாறாமலேயே ஒரு வாரம் நான்கும் ஒரு வாரம் எட்டும் வரும். தற்செயலாக வரும் எண்ணிக்கை ஏறத்தாழ தன் வர்க்கமூலத்தின் அளவுக்கு ஆடும். ஆறின் வர்க்கமூலம் சுமார் இரண்டரை. "ஆர்டர் முப்பத்துமூன்று சதவீதம் உயர்ந்தது" என்று திரையில் பச்சை அம்பு காட்டும். நடந்தது இரண்டு சேலை. நூறு பேரில் ஒருவர் வாங்கும் கடையில், நூறு பேர் வந்தும் ஒருவர்கூட வாங்காமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. எனவே புது விளம்பரத்தில் முதல் நூறு பேர் சும்மா போனார்கள் என்று அதை நிறுத்துவது அவசரம். முந்நூறு பேர் வந்து ஒன்றும் விற்கவில்லை என்றால், வாங்கும் விகிதம் ஒரு சதவீதத்தைத் தாண்டாது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிடும் ஏ/பி சோதனையை யாராவது பரிந்துரைத்தால் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை சதவீத விற்பனை விகிதம் இரண்டாக உயர்ந்ததா என்று நம்பிக்கையோடு கண்டுபிடிக்க, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 11,000 வருகை வேண்டும். வாரம் நானூறு வருகை வரும் கடைக்கு அது ஓராண்டுக்கும் மேல். பொத்தானைப் பச்சையாக்குவதா சிவப்பாக்குவதா என்பதற்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. சிறு கடை எண்ணை வைத்து நிரூபிக்கவேண்டியது பெரிய வித்தியாசங்களை மட்டும்தான்.

காலத்தை ஒப்பிடும்போது நம் பண்டிகைகள் ஆங்கில மாதத்துக்குள் அடங்காது என்பதையும் பார்க்கவேண்டும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஓர் அக்டோபரை அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபரோடு ஒப்பிடும் பொத்தான் கருவியில் தயாராக இருக்கிறது. அதைத் தட்டினால் 2024-இல் கடை திடீரென்று வளர்ந்ததாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தைத் தேதி கொடுத்துத் தனியாக எடுத்து ஒப்பிட்டால்தான் சரியான படம். ஆடித் தள்ளுபடி, தை முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் இதே முறை.

கூகுளைத் தவிர வேறு கருவிகளும் உண்டு. 2007-இல் பிவிக் என்று தொடங்கி 2018-இல் மட்டோமோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கருவியைச் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்; தரவு வெளியே போகாது, பராமரிப்பு நம் தலையில். பிளாசிபிள் போன்றவை குக்கியே வைக்காமல், ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் காட்டும். மாதச் சந்தா உண்டு. ஆறு ஆர்டர் கடைக்கு அந்த ஒரு பக்கமே தாராளம் என்று சொல்லலாம். ஆனால் விளம்பரமும் படிவாரிக் கணக்கும் வேண்டுமென்றால் கூகுளிடம்தான் பலரும் திரும்பி வருகிறார்கள்.

சட்டமும் இதில் வருகிறது. இந்தியாவின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அது தருகிறது. தமிழும் அதில் அடக்கம். பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் குறிவைத்துச் சேலை விற்கும் கடைக்கு அந்த நாடுகளின் விதிகளும் பொருந்தும். அங்கே பெரும்பாலும் குக்கி வைக்கும் முன் கேட்டாகவேண்டும். மறுப்பவர் கணக்கிலிருந்து விடுபடுவார். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் ஆகியவற்றை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக்கூடாது என்பது கூகுளின் சொந்த விதியும்கூட. ஆர்டர் உறுதிப் பக்கத்தின் முகவரியிலேயே வாடிக்கையாளரின் போன் நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும் தளங்கள் தெரியாமலே இந்த விதியை மீறுகின்றன.

கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது. ஓராண்டு கழித்து அதில் இருந்த பழைய தரவும் எடுக்க முடியாமல் போனது. இறக்கிவைக்காத கடைகளுக்கு அதுவரை சேர்ந்த தீபாவளிக் கணக்கெல்லாம் அத்தோடு போயிற்று. ஆகவே மாதம் முடிந்ததும் வழிவாரி வருகை, ஆர்டர், திரும்பிய பார்சல், விளம்பரச் செலவு ஆகிய நான்கையும் கடையின் சொந்த எக்ஸெல் தாளில் ஒரு வரியாக எழுதிவைக்க அரை மணி நேரம் போதும்.